கண்ணீர் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கி

கனடாவின் பசிபிக் கரையில், அலாஸ்கா எல்லைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது பிரின்ஸ் ரூப்பர்ட். மழைக்குப் பேர் போன துறைமுக நகரம். ஆசியாவிலிருந்து கப்பலில் வரும் கண்டெய்னர்களை இங்கே இறக்கி ரயிலில் ஏற்றுகிறார்கள். ஊரைவிட்டு வெளியே போகத் தரைவழிச் சாலை ஒன்றுதான்: 16ஆம் எண் நெடுஞ்சாலை. ஆற்றோரமும் மலையடிவாரமும் காடுமாகக் கிழக்கே சுமார் 720 கிலோமீட்டர் ஓடி அது பிரின்ஸ் ஜார்ஜ் நகரத்தைத் தொடுகிறது.

சுற்றுலாக் கையேடுகள் இந்தச் சாலையின் அழகைப் பக்கம் பக்கமாக எழுதும். வட்டாரத்து மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கண்ணீர் நெடுஞ்சாலை. கொல்லப்பட்ட, காணாமல் போன இளம்பெண்களுக்காக 1998ல் டெரஸ் நகரத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தையொட்டி ஃப்ளோரன்ஸ் நேசியல் என்ற பழங்குடிப் பெண்மணி சொன்ன பெயர் அது. இன்று கனடா முழுவதும் அந்தப் பெயர்தான் நிற்கிறது.

ரூப்பர்ட் நகரத்தின் தொழிற்பேட்டையைத் தாண்டும் இடத்திலேயே அந்தக் கதை தொடங்கிவிடுகிறது. 2005 செப்டம்பர் 21 அன்று இந்தப் பக்கத்தில் லிஃப்ட் கேட்டு நின்ற டமாரா சிப்மனைப் பார்த்தவர்கள் உண்டு. வயது 22. வீட்டில் சின்னஞ்சிறு மகன். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. யார் வண்டியில் ஏறினார், எங்கே போனார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அங்கிருந்து டெரஸ் வரை ஏறக்குறைய 145 கிலோமீட்டர், ஸ்கீனா ஆறு வலப்பக்கம் கூடவே வருகிறது. கடல் ஏற்றவற்றம் உள்ளே வரும் அகண்ட ஆறு. இடப்பக்கம் செங்குத்தான பாறை. அதன் மேலிருந்து மெல்லிய அருவிகள் இறங்குகின்றன. ஆற்றுக்கும் சாலைக்கும் ஒட்டினாற்போல் ரயில் தண்டவாளம். மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஒரு பெட்டிக்கடையோ ஒரு பெட்ரோல் பங்க்கோ கண்ணில் படாத நீளங்கள் இருக்கின்றன. சொந்த வண்டி இல்லாதவர் இங்கே மருத்துவரைப் பார்க்கவோ வேலைக்கோ பள்ளித் தோழி வீட்டுக்கோ எப்படிப் போவார்? பல்லாண்டு காலம் அதற்கு ஒரே வழிதான் இருந்தது: சாலையோரம் நின்று கட்டைவிரலைக் காட்டுவது. பழங்குடிக் குடியிருப்புகளின் இளம்பெண்கள் பலர் அப்படித்தான் போனார்கள், வந்தார்கள். சிலர் வரவில்லை.

எத்தனை பேர்? இந்தக் கேள்விக்கே இரண்டு பதில்கள். இந்த ஊர்களின் காவல் நிலையங்களை நடத்துவது ஆர்.சி.எம்.பி. எனப்படும் கனடாவின் மத்திய போலீஸ். அது 2005ல் 'ஈ-பானா' என்ற தனிப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அதன் பட்டியலில் 18 பேர்: 13 கொலைகள், காணாமல் போனவர்கள் 5 பேர். 1969 முதல் 2006 வரையிலான வழக்குகள். பட்டியலில் இடம்பெற, பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருக்க வேண்டும். லிஃப்ட் கேட்பது போன்ற ஆபத்தான சூழலில் இருந்தவராக இருக்க வேண்டும். கடைசியாகக் காணப்பட்ட இடமோ உடல் கிடைத்த இடமோ 16, 97, 5 என்ற மூன்று நெடுஞ்சாலைகளிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்க வேண்டும். ஒரு மைலுக்கு அப்பால் நடந்தது கணக்கில் வராது. பழங்குடி அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 40க்கும் மேல்.

டெரஸ் நகரத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், கிட்சும்கேலம் மக்களின் நிலத்தில், சாலையைப் பார்த்தபடி ஒரு குலச்சின்னத் தூண் நிற்கிறது. 2020 செப்டம்பரில் நட்டது. செதுக்கியவர் மைக் டாஞ்செலி என்ற நிஸ்கா இனச் சிற்பி. அதற்கு ஏற்பாடு செய்தவர் கிளாடிஸ் ராடெக், டமாரா சிப்மனின் அத்தை. போலீஸ் தேடித் தரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர் அல்லர் அவர். 2008ல் 'நீதிக்கான நடை' என்று வான்கூவரிலிருந்து தலைநகர் ஒட்டாவா வரை ஒரு நாட்டின் அகலத்தையே நடந்து கடந்த குழுவை முன்னின்று நடத்தினார். காணாமல் போன பெண்களின் படங்களைத் தன் வேனின் மேல் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தேட வேண்டிய வேலையை உறவினர்கள் தலையில் சுமந்தது இந்தச் சாலை முழுக்கக் காணக் கிடைக்கும் காட்சி.

டெரஸ் தாண்டியதும் மலைகள் நெருங்குகின்றன. கிட்வாங்காவுக்கு முன்னால் செவன் சிஸ்டர்ஸ் சிகரங்கள் பனியோடு எழுகின்றன. அடுத்து ஹேசல்டன் பகுதி. கிட்க்ஸான் மக்களின் தாயகம். இவர்களும் அண்டை வெட்சுவெட்டென் மக்களும் தங்கள் நிலவுரிமைக்காகத் தொடுத்த வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1997ல் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. டெல்கமூக் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது அதைத்தான். எழுத்தில் இல்லாத, பாட்டன் பாட்டி வாய்வழியாக வந்த வரலாற்றையும் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றுப் பரிசீலிக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

நாட்டின் உச்ச நீதிமன்றம் இந்த மக்களின் வாய்மொழிக்கு அந்த மதிப்பைக் கொடுத்த அதே 1990களில், காவல் நிலையத்தில் ஒரு தாயின் வாய்மொழிக்கு என்ன மதிப்பு இருந்தது? "என் மகள் அப்படிச் சொல்லாமல் போகிறவள் இல்லை" என்று அவர் சொன்னது புகாரின் உயிர்நாடி. பிள்ளையின் பழக்கம், தோழிகள், போகும் இடம், வரும் நேரம் எல்லாம் தெரிந்த ஒரே சாட்சி அவர்தான். ஆனால் குடும்பம் குடும்பமாகப் பிற்பாடு விசாரணைக் கமிஷன்கள் முன் சொன்னது ஒன்றே: ஓடிப்போயிருப்பாள், எங்காவது குடித்துவிட்டுக் கிடப்பாள், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று சொல்லித் தங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

விட்செட் கிராமத்தில் புல்க்லி ஆறு ஒரு குறுகிய பாறை இடுக்கில் பாய்கிறது. வெட்சுவெட்டென் மீனவர்கள் நீண்ட கழிகளோடும் வலைகளோடும் பாறை விளிம்பில் நின்று சால்மன் பிடிப்பதை வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். அதே வட்டாரத்தில்தான், லிஃப்ட் கேட்காதீர்கள் என்று பெண்களை எச்சரிக்கும் மஞ்சள் விளம்பரப் பலகையும் இருந்தது. மூன்று இளம்பெண்களின் முகங்கள், கொலைகாரன் வெளியில் திரிகிறான் என்ற வரி. அந்தப் பலகை பேசியது நடந்துபோகும் பெண்ணிடம். அவளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்காரனிடம் பேச ஒரு பலகையும் இல்லை.

அந்த மூவரில் ஒருவர் ஸ்மிதர்ஸ் நகரத்தைச் சேர்ந்த ரமோனா வில்சன். வயது 16. 1994 ஜூன் 11, சனிக்கிழமை மாலை, தோழிகளைப் பார்க்க வீட்டிலிருந்து கிளம்பினார். அந்த வாரம் பள்ளி முடித்தவர்களின் கொண்டாட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அவர் போய்ச் சேரவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் விமான நிலையத்தின் அருகே காட்டில் உடல் கிடைத்தது. சொந்த ஊர் எல்லைக்குள், பத்து மாதம் கழித்து. கொன்றவர் யார் என்று இன்னும் தெரியாது. அவர் தாய் மடில்டா வில்சனும் சகோதரி பிரெண்டாவும் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊர் மக்களைத் திரட்டி நினைவு நடை நடத்திவந்தார்கள். துப்புக் கிடைக்காத வழக்கு மறக்கப்பட்ட வழக்காகிவிடக் கூடாது என்பதற்காக.

2017 செப்டம்பரில் இதே ஸ்மிதர்ஸ் ஊருக்கு வந்தது, பழங்குடிப் பெண்கள் காணாமல் போனதையும் கொல்லப்பட்டதையும் ஆராய்ந்த தேசிய விசாரணைக் கமிஷன். குடும்பங்கள் மேடையேறிப் பேசின. அடுத்த ஆண்டு ஆர்.சி.எம்.பி.யின் தலைமை அதிகாரி பிரெண்டா லக்கி, கமிஷன் முன் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2019 ஜூன் 3 அன்று 231 நீதிக் கோரிக்கைகளுடன் இறுதி அறிக்கை வெளிவந்தது.

காவல் துறைக்குச் சொல்ல நியாயங்கள் இருக்கின்றன. அவற்றையும் கேட்க வேண்டும். ஸ்மிதர்ஸிலிருந்து ஹூஸ்டன், பர்ன்ஸ் லேக் என்று வண்டி ஓடும்போது அந்த நியாயம் கண்ணெதிரே தெரியும். இருபுறமும் முடிவில்லாத காடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மரம் ஏற்றிய லாரிகள் திரும்பும் மண்பாதைகள். சாலையில் போகிறவனுக்கும் சாலையோரம் நிற்கிறவளுக்கும் எந்த முன்பரிச்சயமும் இல்லை. ஒரு பகல் பொழுதில் அவன் வேறு மாகாணத்தில் இருப்பான். இத்தனை பரப்புக்கு நிலையங்களில் இருப்பது கொஞ்சம் ஆட்கள்.

ஆனால் அதனால்தான் முதல் சில நாட்கள் எல்லாமாகின்றன. பெட்ரோல் பங்க்கில் நின்ற பையனுக்கு ஒரு வெள்ளை வேன் ஒரு வாரம் ஞாபகம் இருக்கும், ஒரு வருடம் இருக்காது. லாரிக்காரர்களின் பயணப் பதிவேடு, கேமராப் பதிவு, விடுதியின் வருகைப் புத்தகம், மண்பாதையில் டயர் தடம் எல்லாம் கெடு வைத்துக்கொண்டு அழிகின்றன. தடத்தை மழை ஒரே இரவில் அழித்துவிடும். குற்றவாளி கெட்டிக்காரன் என்பதைவிட, அவனுக்கு முன்கூட்டியே கிடைத்த அவகாசம் பெரியது. அந்த அவகாசத்தைக் கொடுத்தது, "இரண்டு நாள் பொறுங்கள்" என்ற பதில். காணாமல் போனதாகப் புகார் கொடுக்க எந்தக் காத்திருப்புக் காலமும் கிடையாது என்று ஆர்.சி.எம்.பி.யே இன்று பொதுமக்களுக்குச் சொல்கிறது.

பர்ன்ஸ் லேக் வட்டாரத்துக் குடும்பம் ஒன்று 1989 ஆகஸ்டில் பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து மொத்தமாக மறைந்துபோனது. கணவன், மனைவி, இரண்டு சிறு மகன்கள். ஜாக் குடும்பம் என்று கனடாவே அறிந்த வழக்கு. மரம் வெட்டும் முகாமில் வேலை தருகிறேன் என்று ஒருவர் சொன்னதை நம்பிப் பிள்ளைகளோடு கிளம்பினார்கள். போகுமுன் கணவரின் தாயாருக்கு நள்ளிரவு தாண்டி ஒரு தொலைபேசி அழைப்பு. பத்து நாளில் வந்துவிடுவோம் என்று. அதோடு சரி. முப்பது ஆண்டு கழித்து, 2019ல், வாண்டர்ஹூஃப் அருகே சைகூஸ் மக்களின் நிலத்தில் போலீஸ் ஓரிடத்தைத் தோண்டிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு பேர் மறைந்த இந்த வழக்கு ஈ-பானா பட்டியலில் இல்லை.

காவல் துறையால் முடியாது என்று சொல்பவர்கள் வாண்டர்ஹூஃப் நகரத்தில் சற்று நிற்க வேண்டும். காடு விலகி வயல்கள் விரியும் ஊர் இது. 2010 நவம்பர் 27 இரவு. இதற்கு வடக்கே 27ஆம் எண் சாலையில் ரோந்து போய்க்கொண்டிருந்தார் ஓர் இளம் போலீஸ்காரர். பயன்பாட்டில் இல்லாத மரப்பாதையிலிருந்து ஒரு பிக்கப் வண்டி வேகமாக வந்து சாலையில் ஏறியது. இந்தக் குளிரில், இந்த நேரத்தில், அந்தப் பாதையில் என்ன வேலை? நிறுத்தினார். ஓட்டியவன் 20 வயது இளைஞன். உடம்பில் இரத்தக் கறை. மான் வேட்டையாடினேன் என்றான். போலீஸ்காரர் அதோடு விடவில்லை. வனவிலங்கு அதிகாரி ஒருவரை வரவழைத்தார். அந்த அதிகாரி பனியில் பதிந்த டயர் தடத்தை வந்த வழியே பின்தொடர்ந்து போனார். தடம் முடிந்த இடத்தில் மானைக் காணவில்லை. 15 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடல் கிடந்தது.

கோடி லெகெபோகாஃப் என்ற அவன் மீது நான்கு கொலைகள் நிரூபணமாகி 2014ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அன்றிரவு வேலை செய்தவை எளியவை: ஒரு சந்தேகம், உடனே ஒரு நிறுத்தம், சொன்ன பதிலை அப்படியே நம்பாத ஒரு கேள்வி, தடம் அழியுமுன் ஒரு நடை. காணாமல் போன பெண்ணின் தாய் புகாரோடு வந்த அன்று இதே சுறுசுறுப்பைக் கேட்டால் அது பேராசையா?

ஈ-பானா குழு உழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பழைய கோப்புகளையெல்லாம் கணினியில் ஏற்றி, நூற்றுக்கணக்கானோரிடம் டி.என்.ஏ. மாதிரி எடுத்தார்கள். பாதுகாத்து வைத்திருந்த தடயத்திலிருந்து, 1974ல் நடந்த ஒரு கொலையைச் செய்தவன் பாபி ஜாக் ஃபவுலர் என்ற அமெரிக்கன் என்று 2012ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவன் ஆரெகன் சிறையில் செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. 1978ல் கொல்லப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில் 2019ல் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. பதினெட்டில் இந்த இரண்டுக்குத்தான் விடை. இரண்டுமே 16ஆம் நெடுஞ்சாலைக்கு வெகு தெற்கே நடந்தவை. விடை வரத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான் குழுவின் ஆண்டு ஒதுக்கீடு சுமார் 50 லட்சம் டாலரிலிருந்து 2013-14ல் 8 லட்சம் டாலர் அளவுக்குக் குறைக்கப்பட்டது.

சாலையோர நிறுத்தங்களில் இப்போது ஒரு பேருந்து வருகிறது. பெரும்பாலான ஊர்களுக்கிடையே ஐந்து டாலர் கட்டணம். இந்தப் பேருந்து வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 2006 மார்ச்சில், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் கொலைக்குப் பிறகு, பழங்குடி அமைப்புகள் பிரின்ஸ் ஜார்ஜில் ஒரு மாநாடு கூட்டின. 33 பரிந்துரைகள் பிறந்தன. முதல் பரிந்துரை, ஊருக்கு ஊர் பேருந்து. 2012ல் வாலி ஓப்பல் கமிஷனும் உடனே பேருந்து விடுங்கள் என்றது. பேருந்து ஓடியது 2017ல். இடையில் 2015ல் இன்னொன்று வெளிவந்தது: இந்தச் சாலை பற்றிய கூட்டங்களின் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, மாகாணப் போக்குவரத்து அமைச்சரின் அலுவலகத்தில் மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டதாக அங்கு வேலை பார்த்தவரே புகார் சொன்னார், தகவல் ஆணையர் எலிசபெத் டென்ஹாம் விசாரித்து அரசைக் கண்டித்து அறிக்கை கொடுத்தார். கைபேசி அலை எட்டாமல் கிடந்த 252 கிலோமீட்டருக்குக் கோபுரங்கள் அமைக்கும் திட்டம் 2021ல்தான் அறிவிக்கப்பட்டது.

வாலி ஓப்பல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முன்னாள் நீதிபதி. மாகாணத்தின் முன்னாள் அட்டர்னி ஜெனரல். வான்கூவருக்கு அருகே பன்றிப் பண்ணை நடத்திய ராபர்ட் பிக்டன் பல ஆண்டுகள் பிடிபடாமல் பெண்களைக் கொன்றது எப்படி என்று ஆராய்ந்தது அவர் கமிஷன். போலீஸ் செய்த தவறுகளை அவர் வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் வைத்தது, காணவில்லை என்ற புகாரைச் சரியாகப் பதியாததையும் பின்தொடராததையும்தான். பாதிக்கப்பட்டவர்கள் ஏழைகள், பழங்குடிகள், பாலியல் தொழில் செய்தவர்கள் என்பதால் அமைப்பே ஓரவஞ்சனையோடு நடந்துகொண்டது என்றும் எழுதினார்.

ஃப்ரேசர் ஆறும் நெச்சாக்கோ ஆறும் கூடும் இடத்தில், காகித ஆலைகளின் வாசனையோடு பிரின்ஸ் ஜார்ஜ் வருகிறது. நகரத்தின் மேற்கு எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க் அருகே 2002 ஜூன் 21 அன்று நிக்கோல் ஹோர் கடைசியாகக் காணப்பட்டார். வயது 25, மரக்கன்று நடும் வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண். தரையிலும் வானிலும் பெரிய தேடுதல் நடந்தது, நாடு முழுக்கச் செய்தியானது. அவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் துயரமும் தீரவில்லை. ஆனால் இந்தத் தேடுதலைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பழங்குடித் தாய்மார்கள் ஒன்றைக் கேட்டார்கள்: எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இப்படி யாரும் தேடவில்லை?

இதே நகரத்தில் டேவிட் ராம்சே என்ற மாகாண நீதிபதி, தன் நீதிமன்றத்தில் நின்ற பழங்குடிச் சிறுமிகளையே பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதை ஒப்புக்கொண்டு 2004ல் ஏழாண்டு சிறைக்குப் போனார். 2013ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்த வடபகுதியின் ஊர்களுக்கு நேரில் போய், போலீசாரிடமே அடியும் அவமானமும் பட்டதாகச் சொன்ன பெண்களின் வாக்குமூலங்களை வெளியிட்டது. பல பெண்கள் பெயர் சொல்லவே பயந்தார்கள். துப்பு வரவில்லை, சாட்சி வரவில்லை என்று போலீஸ் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நம்பிக்கை இல்லாத இடத்தில் சாட்சி எப்படி வாய் திறக்கும்?

ஆகவே இந்தக் குடும்பங்கள் கேட்பது இரக்கம் அல்ல, கணக்கு. புகார் வந்த நாள் எது, முதல் அதிகாரி வீட்டுக்குப் போன நாள் எது, யாரையெல்லாம் விசாரித்தார்கள், எந்தத் தடயத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், எதை விட்டார்கள். மூடப்படாத ஒவ்வொரு வழக்கின் முதல் முப்பது நாட்களையும் போலீசுக்கு வெளியே இருக்கும் ஒரு குழு படித்து, விசாரணையைக் கெடுக்காத அளவுக்குக் குடும்பத்திடம் சொல்ல வேண்டும். அதிகாரிகள் மாறும்போதெல்லாம் வயதான தாய் முதலிலிருந்து கதை சொல்லும் நிலை ஒழிய வேண்டும். ஈ-பானாவின் பட்டியலில் பதினாறு வழக்குகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. அவற்றில் புகார் கொடுத்த பெற்றோர் பலர் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே இந்தக் கணக்கை ஆர்.சி.எம்.பி. கொடுத்தாக வேண்டும்.